மோல்மேன் அரிசி

1843 ஜூன் 3, மோல்மேன்

மழை. நேற்றும் மழை, முந்தாநாளும் மழை. இந்தப் பர்மா தேசத்து வானத்தைத் திறந்தவன் மூட மறந்துவிட்டான். புண்ணுக்குக் கட்டும் துணி எதுவும் காயவில்லை. ஆஸ்பத்திரி அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்தினேன். சமையற்காரன் வரதன் சண்டைக்கு வந்தான். சோற்றுப் பானையும் சீழ்த்துணியும் ஒரே புகையில் இருக்கலாமா என்று கேட்டான். கேட்டது நியாயம்தான், ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இந்தப் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் துரைக்கு அடுத்தபடி புண் கட்டும் டிரெஸ்ஸரான இந்தத் தணிகாசலம்தான், வரதன் இல்லை.

ஒரு நல்ல சேதி. சென்னப்பட்டணத்திலிருந்து எங்களோடு கப்பலில் வந்த புழுங்கலரிசிக்கு இன்றைக்குத் தலைமுழுகினோம். சிவந்து, மக்கி, மூட்டையைப் பிரித்தாலே குடலைப் புரட்டும். துரை ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, சிப்பாய்கள் வாயில் இனி இது படக்கூடாது என்று உத்தரவு போட்டார். எல்லாம் தோட்டிகளுக்குப் போய்விட்டது. எங்கள் ஆஸ்பத்திரித் தோட்டி சங்கிலி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கல்யாண வீட்டுச் சீர் தூக்குகிறவன் மாதிரி நடந்தான். எங்களுக்கு இனி இந்த ஊர்ப் பச்சரிசி. தீட்டித் தீட்டி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வரதன் அதையும் தண்ணீர் தெளியும்வரை கழுவி, கஞ்சியை ஒட்ட வடித்துக் கொட்டுகிறான். சோறு ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

என் தங்கை செங்கமலத்தின் புருஷன் ஏகாம்பரம் இதே பட்டாளத்தில் சிப்பாய். தட்டைப் பார்த்ததும் சிரித்தான்.

"இன்னா மச்சான், தெனம் பொங்கலா? உன் தங்கச்சி பாத்தா, எவளோ பர்மாக்காரி ஆக்கிப் போடறாளான்னு கேப்பா."

"வாய மூடிகினு துன்னு மாப்ளே."

ஊரில் செங்கமலத்துக்கு இது ஐந்தாம் மாதம். நாங்கள் கப்பலேறும்போது கடற்கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போறது ரெண்டு பேருண்ணா, வர்றதும் ரெண்டு பேரா இருக்கணும்" என்றாள். இருப்போம் என்றேன். வேறென்ன சொல்வது?

ஜூன் 20

மழை. சீதபேதி அதிகம். கத்தரிக்கோல் துருப்பிடித்துவிட்டது.

ஜூலை 24

காலைக் கவாத்தில் சிப்பாய் மஸ்தான் சாயபு விழுந்துவிட்டார். கல் தடுக்கவில்லை, தலை சுற்றவில்லை. கால் மடங்கிப்போயிற்று, அவ்வளவுதான். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று துரைக்குச் சந்தேகம். ஊசியை எடுத்து அவர் பாதத்தில் குத்தினார். சாயபு முகம் சுளிக்கவே இல்லை.

"நல்லாக் குத்தச் சொல்லுங்க டிரெஸ்ஸரே. வேற யாரு காலோ மாதிரி கீது" என்றார் என்னிடம்.

நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். துரை ஊசியைத் துடைத்து வைத்துவிட்டு, அவரைக் கட்டிலில் போடச் சொன்னார்.

ஆகஸ்ட் 2

ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். முதலில் பாதம் மரக்கிறது. பிறகு கால் வீங்குகிறது, அல்லது சூம்புகிறது. சிலருக்கு மூச்சு வாங்குகிறது. ஒரே நோய் இரண்டு விதமாக எப்படி வரும்? துரை ஏதோ பெரிபெரி என்கிறார். பேர் வைத்துவிட்டால் நோய் போய்விடுமா?

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஈரத்தரை என்கிறார் துரை. மூங்கில் புதரில் இருக்கும் இந்த ஊர்ப் பேய் காலைப் பிடிக்கிறது என்கிறார் சுபேதார். கடல் தாண்டிய தோஷம் என்கிறான் வரதன், அவனும் கடல் தாண்டி வந்தவன் என்பது மறந்துபோய். ஈரம்தான் காரணமென்றால் சாக்கடையில் நாள் முழுக்க நிற்கிற சங்கிலிக்கு ஏன் வரவில்லை என்று சங்கிலியையே கேட்டேன்.

"எங்க அங்காளம்மா சாமி. பட்டணத்துக் கோயில்ல வேண்டிக்கினு தாயத்து கட்டிக்கினு வந்தேன்" என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினான்.

அவன் பெண்டாட்டி காத்தாயி கழுத்தில் தாயத்து இல்லை. அவளும் குண்டுக்கல்லாக இருக்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆகஸ்ட் 12

ஏகாம்பரம் வந்தான். சிரித்துக்கொண்டுதான் வந்தான்.

"மச்சான், பஞ்சுமேல நடக்கற மாதிரி கீது. ராசா மாதிரி இல்ல?"

காலை அமுக்கிப் பார்த்தேன். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. சுருக்கென்றது எனக்கு. அவனிடம் காட்டிக்கொள்ளாமல், "ஈரத்துல படுத்தா இப்படித்தான், திமிரு புடிச்சவனே" என்று திட்டினேன். மஸ்தான் சாயபுவுக்குப் பக்கத்துக் கட்டிலில் போட்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 19

துரை சொன்னபடி ரத்தம் உறிஞ்ச அட்டை விட்டேன், கடுகுப் பற்றுப் போட்டேன், பேதிக்குக் கொடுத்தேன். ஏகாம்பரம் எல்லாவற்றுக்கும் உடம்பைக் கொடுக்கிறான். சோறுதான் இறங்கவில்லை. எனக்கென்று இருந்த நல்ல அரிசியைப் புடைத்து, கல் பொறுக்கி, வரதனிடம் கெஞ்சிக் குழைய வடித்துச் சர்க்கரை போட்டுக் கொண்டுபோனேன். இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிட்டான்.

"மச்சான், பழஞ்சோறு வேணும். புழுங்கலரிசிப் பழஞ்சோறு. புளிச்ச தண்ணியோட. ஒரு வெங்காயம்."

"உனக்குப் புத்தி கீதா? ஒடம்பு பூராத் தண்ணி கோத்துக்கினு கீது. இதுல நீராகாரம் வேற ஊத்தினா?"

"வாய் கேக்குது மச்சான்."

"வாய் கேக்கும். உயிரு போனா வாய் எங்க கீது?"

எங்கள் வீட்டில் கால் வீங்கியவர்களுக்குப் பழையது கொடுத்து நான் கண்டதில்லை. குளிர்ச்சி ஆகாது. இந்த ஒரு விஷயத்தில் துரையும் என் அம்மாவும் ஒரே கட்சி.

ஆகஸ்ட் 31

அதிசயம்! ஏகாம்பரத்துக்கு வீக்கம் வடிகிறது. மாலையில் தடியை ஊன்றிக்கொண்டு காற்று வாங்கப் போகிறான். மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது. தன்னுடைய கடுகுப் பற்றுதான் வேலை செய்கிறது என்கிறார் துரை. அட்டை என்கிறேன் நான், வாய்க்குள்ளேதான். வரதனிடம் கேட்டால் விபூதி என்கிறான்.

ஆனால் அதே பற்று, அதே அட்டை, மஸ்தான் சாயபுவுக்குக் கேட்கவில்லை. மூன்றாவது கட்டில்காரர் நேற்றுப் போய்விட்டார். ஏன் இவனுக்கு மட்டும்? சரி, ஏன் என்று எதற்குக் கேட்க வேண்டும். தெய்வம் கண் திறந்தால் கண்ணில் மண் போடாமல் இருப்பதே நல்லது. செங்கமலத்துக்கு எட்டாம் மாதம்.

செப்டம்பர் 5

எழுத்து கோணலாக வருகிறது.

மாலையில் வாளி வரவில்லை என்று சங்கிலியைத் திட்டுவதற்காகத் தோட்டிகள் குடிசைப் பக்கம் போனேன். அங்கே, கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து, மடியில் மண்சட்டியை வைத்துக்கொண்டு ஏகாம்பரம் தின்றுகொண்டிருந்தான். அந்தச் சிவப்பு நாற்றமரிசிப் பழஞ்சோறு. காத்தாயி கருவாட்டைச் சுட்டு அதன்மேல் வைத்தாள். அவன் கையை நக்கினான்.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆற்காட்டு முதலி வீட்டு மாப்பிள்ளை, தோட்டி வீட்டுச் சட்டியில்!

"எத்தினி நாளா நடக்குது இது?"

"கோவப்படாத மச்சான். இத்தத் துன்னாத்தான் தெம்பா கீது."

"தெம்பு அட்டையால வந்ததுடா! பத்தியத்தக் கெடுத்துக்கினு, சாதியக் கெடுத்துக்கினு... டேய் சங்கிலி, உன்ன யாருடா கூப்புடச் சொன்னது?"

"நான் கூப்புடல சாமி. அவரா வந்து, பசிக்குதுன்னு கேட்டாரு. பசின்னு கேட்டா எப்படி இல்லன்றது?"

நான் அந்தச் சட்டியைப் பிடுங்கிக் கல்மேல் அடித்தேன். காத்தாயி வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். சங்கிலி குனிந்து ஓடுகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

ஏகாம்பரத்தை அங்கேயே நிறுத்தி, "செங்கமலம் வயித்துல கீற புள்ள மேல சத்தியம் பண்ணு, இனிமே இங்க வாய் வெக்க மாட்டேன்னு" என்றேன். அவன் என்னையே பார்த்தான். பிறகு சோறு ஒட்டியிருந்த கையைக் கழுவிவிட்டு, என் கைமேல் அடித்துச் சத்தியம் செய்தான்.

நல்லதற்குத்தான் செய்தேன்.

செப்டம்பர் 6

சங்கிலி வேலைக்கு வந்தான். வாளிகள் சுத்தமாக இருந்தன.

செப்டம்பர் 16

மறுபடியும் வீக்கம். முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. நான் சொன்னது சரியாகப் போயிற்று. அங்கே தின்ற குளிர்ச்சிதான் இப்போது வேலையைக் காட்டுகிறது. அவனிடமும் சொன்னேன்.

"இருக்கும் மச்சான்" என்றான். சண்டை போட்டிருந்தால் தேவலை.

பத்தியத்தை இறுக்கிவிட்டேன். நானே ஊட்டுகிறேன். பச்சரிசிச் சோறு, சர்க்கரை, சில நாள் கொஞ்சம் பால். மஸ்தான் சாயபு பக்கத்துக் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். "கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்" என்றார். கேட்க நன்றாக இருந்தது.

ஒன்று மட்டும் தலைக்குள் குடைகிறது. அங்கே தின்ற நாட்களில் ஏன் தேறினான்? தின்பதை விட்டபிறகு ஏன் விழுந்தான்? துரையிடம் கேட்கலாம் என்று வாசல்வரை போனேன். தோட்டி வீட்டில் தின்றான் என்பதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும். திரும்பி வந்துவிட்டேன். விஷம் உடனே காட்டாது, உள்ளே தங்கித்தான் காட்டும். அப்படித்தான் இருக்கவேண்டும்.

செப்டம்பர் 20

ஏகாம்பரத்தால் படுக்க முடியவில்லை. படுத்தால் நெஞ்சு அடைக்கிறது. தலையணை அண்டக் கொடுத்து உட்காரவைத்திருக்கிறேன். குரல் கம்மிவிட்டது. கழுத்து நரம்பு துடிப்பது கட்டிலின் கால்மாட்டிலிருந்தே தெரிகிறது.

சங்கிலி தரையைப் பெருக்கும்போது அந்தக் கட்டிலுக்குக் கீழே மட்டும் அதிக நேரம் பெருக்கினான். இருவரும் ஏதோ பேசினார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். சோறு எதுவும் கைமாறவில்லை, நன்றாகப் பார்த்தேன். ஏகாம்பரம் சத்தியத்தை மீறுகிறவன் இல்லை. மீறியிருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றிற்று என்று தெரியவில்லை.

செப்டம்பர் 22

காலையில் ஊட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கவளமோ நான்காவதோ. "போதும் மச்சான்" என்றான். இன்னும் ஒரு வாய் என்றேன். எனக்காக வாயைத் திறந்தான். திறந்த வாய் மூடவில்லை.

செப்டம்பர் 23

எரித்தோம். விறகு ஈரம்.

செப்டம்பர் 29

ஊருக்கு எழுத உட்கார்ந்தேன். என்ன நோய் என்று எழுதுவது? எதனால் வந்தது என்று எழுதுவது? கடைசிவரை என் கையால் நல்ல அரிசிச் சோறு ஊட்டினேன் என்று ஒரு வரி எழுதினேன். அதைப் படித்துப் பார்த்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 10

நாள் முழுக்க நின்றே வேலை செய்வதால் பாதம் கொஞ்சம் மரத்தாற்போல் இருக்கிறது. வேறொன்றுமில்லை. செருப்பு எங்கேயோ கழன்றுவிட்டது, வெறுங்காலோடு கிடங்குவரை போய் வந்திருக்கிறேன். வரதன் சொல்லித்தான் தெரிந்தது. ஏகாம்பரம் போனதிலிருந்து எனக்கு ஞாபகம் ஒரு நிலையில் இல்லை.

அக்டோபர் 14

மருந்துப் புட்டி கையிலிருந்து நழுவி உடைந்தது. துரை என்னை உட்காரச் சொன்னார். ஊசியை எடுத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எப்போது குத்தப்போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

குத்தி எடுத்தாயிற்று என்றார்.

ஏகாம்பரம் கிடந்த கட்டில்தான் காலியாக இருந்தது. அதில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கப்பலேறியது இரண்டு பேர். ஒருவர்கூடத் திரும்பமாட்டோம் போலிருக்கிறது. செங்கமலம், நான் என்னம்மா செய்வேன்?

அக்டோபர் 16

சங்கிலி வந்து கட்டில் ஓரம் தரையில் குந்தினான். துணியால் மூடிய புதுச் சட்டி ஒன்று கையில்.

"சாமி, திட்டாதீங்க. அவரு சொல்லிட்டுப் போனாரு."

"எவரு?"

"உங்க மாப்ள. 'சங்கிலி, என் மச்சானுக்கும் இது வரும்போல கீது, அந்தாளு கால் தடுமாறுது. வந்தா நீ குடு. சட்டிய ஒடச்சான்னு மனசுல வெச்சுக்காத. பயத்துல ஒடச்சான்'னாரு."

என் கால் தடுமாறியது எனக்கே தெரியாதபோது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சாகக் கிடந்தவன் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"இதுல இன்னாடா கீது? மருந்தா?"

"மருந்தா? சோறு சாமி. எங்களுக்கு அம்மா காவல். உங்களுக்கு இன்னா காவலுன்னு எனக்குத் தெரியாது. அவரு சொன்னாரு, கொண்டாந்தேன். வேணான்னா எடுத்துக்கினு போறேன்."

எடுத்துக்கொண்டு போ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்தபோது அழுகை வந்துவிட்டது. சங்கிலி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அழுதுகொண்டே அந்தச் சோற்றைத் தின்றேன். நாறியது. புளித்தது. முழுக்கத் தின்றேன்.

அக்டோபர் 23

சங்கிலி தினமும் வருகிறான். தினமும் தின்கிறேன். சாதி போயிற்றென்றால் போகட்டும், அது என்னைவிட்டு எவ்வளவு தூரம் போய்விடும்?

தேறக்கூடாது என்று ஒரு மனம் வேண்டிக்கொள்கிறது. இதை யாரிடமும் சொல்ல முடியாது. சாகப் பயமில்லை என்று பொய் சொல்லவில்லை, பயம்தான். ஆனால் நான் தேறினால் அதற்கு என்ன அர்த்தம்?

அக்டோபர் 31

மழை நின்றுவிட்டது. காலையில் தரையில் கால் வைத்தேன். ஜில்லென்று இருந்தது.

கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். துரை வந்து முதுகில் தட்டினார். என்னுடைய கடுகுப் பற்று பார்த்தாயா என்றார். வரதன் விபூதியை நீட்டினான். வாங்கிப் பூசிக்கொண்டேன்.

நவம்பர் 4

என்ன வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. அந்த அரிசியா, அது புளித்த தண்ணீரா, கருவாடா, காத்தாயியின் கையா? நாற்றமெடுத்த அரிசி எப்படிக் குணப்படுத்தும், நல்ல அரிசி எப்படிக் கொல்லும்? எந்த வைத்தியத்திலும் இது இல்லை. நான் புத்தி பேதலித்து எழுதுகிறேனோ என்னவோ.

ஆனால் வார்டில் கட்டில்கள் நிரம்பிக் கிடக்கின்றன. இன்று துரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், ஏகாம்பரம் எங்கே தின்றான் என்பதையும் சேர்த்து. அவர் சிரித்தார். அழுகிய அரிசியா என்றார். பிறகு, வாய்க்குப் பிடித்ததைக் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துப் பார், இதற்குமேல் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று கையை விரித்தார். இதுவரை நாம் கொடுத்ததில்தான் கெட்டது என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை.

சங்கிலியிடம் இன்னும் மூட்டை மிச்சமிருக்கிறது. அவன் சட்டியைத் தூக்கிவர, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வார்டுக்குள் அழைத்துக்கொண்டு போனேன். வரதன் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான். "தோட்டிச் சோறா?" என்று யாரோ கேட்டார்கள். சிலர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். நான் நடுவில் தரையில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, முதலில் நான் தின்றேன். பிறகு எழுந்து நின்று காலை உதறிக் காட்டினேன். கூத்தாடி மாதிரி இருந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை.

மஸ்தான் சாயபுதான் முதலில் கையை நீட்டினார். கையும் சூம்பிவிட்டது, சட்டியைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன். ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடித் திறந்தார். இரண்டாவது வாய்க்குப் பிறகு என்னைப் பார்த்தார்.

"இதத்தானே டிரெஸ்ஸரே ஏகாம்பரம் கேட்டுக்கினே கெடந்தாரு? அவருக்கு ஏன் குடுக்கல?"

குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். சட்டியில் இன்னும் சோறு இருந்தது. நான் அடுத்த கட்டிலுக்குப் போனேன்.